கல்சட்டி உடையாமல் வீடு போய்ச் சேர

மடிப்பாக்கத்தில் ஒரு ராம் நகர் இருக்கிறது. வேளச்சேரியிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் கல்சட்டி ஒன்று நங்கநல்லூரிலிருந்து கிளம்பி, ஒன்பது நாள் ஊர் சுற்றிவிட்டு, ‘கஸ்டமர் வீட்டில் இல்லை’ என்ற குறிப்போடு எங்களிடமே திரும்பி வந்தது. வாங்கிய அம்மா அந்த ஒன்பது நாளும் வீட்டில்தான் இருந்தார். அவர் வீடு மடிப்பாக்கம், 600091. ஆர்டரில் அவர் போட்டிருந்த பின்கோடு 600042, அதாவது வேளச்சேரி. முன்பு அங்கே குடியிருந்தவர், கை பழக்கத்தில் பழைய பின்கோடைத் தட்டிவிட்டார். டெலிவரி தம்பி வேளச்சேரி ராம் நகரில் கதவு தட்டியிருக்கிறான். தப்பு யாருடையது என்றால், பார்த்ததை அப்படியே லேபிளாக அடித்து ஒட்டிய என்னுடையதுதான்.

அக்காவும் நானும் சேர்ந்து நடத்தும் சின்ன ஆன்லைன் கடை இது. கல்சட்டி, வார்ப்பிரும்பு தோசைக்கல், ஈயச்சொம்பு, முறம். சேலம் பக்கம் போய்ச் சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவது அக்கா. கட்டி அனுப்புவது நான். அதற்கு முன் ஏழு வருடம் ஒரு கூரியர் கிளையில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் பார்சல் பிரிக்கும் கொட்டகை, அப்புறம் கவுண்டர். அங்கே கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: திரும்பி வரும் பார்சலில் பாதிக்கு மேல் வண்டி ஏறும் முன்பே கெட்டுப்போனவை. அதனால் கூரியரை மாற்றுவதற்கு முன் உங்கள் ஆர்டர் பக்கத்தையும் பேக்கிங் மேஜையையும் பாருங்கள். கனமும் உடையும் குணமும் சேர்ந்த கல்சட்டியை ஒழுங்காக அனுப்பத் தெரிந்தால், புடவையும் பொடியும் பெரிய காரியமே இல்லை.

முகவரி வாங்கும் இடம்

நிறையப் பேர் ‘முகவரி’ என்று ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். கஸ்டமர் அதில் தோன்றியதை எழுதுவார். நான் அதை உடைத்துவிட்டேன். கதவு எண் தனி, மாடி தனி, தெரு தனி, ஏரியா தனி, பின்கோடு தனி, அடையாளம் தனி, இரண்டாவது போன் நம்பர் தனி.

கதவு எண்ணுக்குப் பக்கத்தில் ‘உங்கள் வாசலில் எழுதியிருக்கும் எண்’ என்று போட்டிருக்கிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஏன் என்று புரியும். பழைய எண் 14, புது எண் 31 என்று இரண்டும் இருக்கும். கஸ்டமர் ஆதாரில் உள்ளதைப் பார்த்து ஒன்றை எழுதுவார், காம்பவுண்டு சுவரில் இன்னொன்று இருக்கும். தெருவில் 14 என்று வேறொரு வீடும் இருக்கும். இரண்டும் தெரிந்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாசலில் எது கண்ணுக்குத் தெரிகிறதோ அது லேபிளில் முதலில் வர வேண்டும்.

பின்கோடும் ஏரியாவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. 600061 நங்கநல்லூர், 600033 மேற்கு மாம்பலம், 600099 கொளத்தூர் என்று கொஞ்ச நாளில் மனப்பாடமே ஆகிவிடும். ‘சென்னை’ என்று எழுதியிருந்தாலும் எல்லாம் 600-ல் ஆரம்பிக்காது. கேளம்பாக்கம் 603103, கூடுவாஞ்சேரி 603202. அங்கே இருப்பவர்கள் பழக்கத்தில் சென்னை என்றுதான் எழுதுவார்கள். கூரியர் ரேட்டும் நாள் கணக்கும் பின்கோடைப் பார்த்துத்தான் முடிவாகும் என்பதால், இந்த ஓரத்து ஏரியாக்களுக்கு ‘நாளைக்கே வரும்’ என்று வாய் கொடுக்காதீர்கள்.

அடையாளம் என்ற பெட்டியில்தான் அதிகம் சறுக்குவது. ‘பிள்ளையார் கோயில் பக்கத்தில்’ என்று வரும். எந்தப் பிள்ளையார்? ஒருவர் ‘பழைய தியேட்டர் இருந்த இடத்துக்கு எதிரில்’ என்று எழுதியிருந்தார். டெலிவரி தம்பிக்கு வயது இருபத்திரண்டு. தியேட்டரை இடித்தபோது அவன் பால்வாடியில் இருந்திருப்பான். நான் இப்போது பெட்டிக்குக் கீழே உதாரணமே கொடுத்துவிட்டேன்: ‘பைக்கில் வருபவர் கண்ணில் படுகிற, இப்போதும் இருக்கிற ஒன்று: ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட கேட்.’ அதற்கப்புறம் வருகிற பதில்களே வேறு.

ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து பெரிய குடியிருப்புகளுக்கு இன்னொரு கேள்வி வேண்டும். டவர் பெயர், எந்த கேட் வழியாக டெலிவரிக்காரரை விடுவார்கள், ஆள் இல்லாவிட்டால் செக்யூரிட்டியிடம் கொடுக்கலாமா. கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று கட்டாயம் பதில் வாங்குங்கள். மூன்று கிலோ சட்டியைச் சுமந்துகொண்டு நாலு டவர் சுற்றியவன் ஐந்தாவதற்குப் போக மாட்டான். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

சிறப்புக் குறிப்பு என்று கடைசியில் ஒரு வரி காலியாக விடுங்கள். பெரம்பூர் மாமி ஒருவர் அதில் ‘மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, முட்டி வலி. கீழே நின்று குரல் கொடுத்தால் கயிற்றில் கூடை இறங்கும்’ என்று எழுதியிருந்தார். அதை அப்படியே லேபிளில் அடித்தேன். பார்சல் முதல் முறையிலேயே போய்ச் சேர்ந்தது.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் கொண்டுவந்தது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. கஸ்டமருக்குத் தெரிந்தால் வாங்கி லேபிளின் ஓரத்தில் போடுகிறேன், கெட்டுப்போகாது. ஆனால் அது தரையை மட்டும்தான் சொல்லும். கீழ் வீட்டுக்கும் மூன்றாம் மாடிக்கும் ஒரே குறியீடு. எங்கள் ஏரியா தம்பியிடம் காட்டினேன், ‘என்னண்ணே இது, வைஃபை பாஸ்வேர்டா?’ என்றான்.

பெட்டி பெரிதானால் காசு

கூரியர்காரர் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார். தராசில் வரும் எடை ஒன்று. பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் கிலோ இன்னொன்று. எது அதிகமோ அதற்குத்தான் பில். சில இடங்களில் 4000-ஆல் வகுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் எந்த எண் என்று கேளுங்கள். பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் படியேறும்.

எங்களுக்குப் பாடம் சொன்னது முறம். தராசில் 300 கிராம்கூட வராது. பெட்டி 36, 30, 8. பெருக்கினால் 8640, வகுத்தால் 1.73, பில் 2 கிலோவுக்கு. முறத்தின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம். அக்கா முறத்தையே நிறுத்திவிடலாம் என்றாள். ஒன்றுக்குள் ஒன்று வைத்துப் பார்த்தேன். உயரம் ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியது. 36, 30, 9 என்றால் 1.94. அதே 2 கிலோ. இரண்டாவது முறம் ஓசியில் பயணம். அன்றிலிருந்து முறம் ஜோடியாகத்தான் விற்கிறோம். ஒன்று மட்டும் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பொடி விற்பவர்களுக்கும் இதே கணக்குதான். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி அரைக் கிலோ பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியோடு சேர்ந்தால் அறுநூறைத் தொடும், பில் ஒரு கிலோவுக்கு வரும். 400 கிராமாக மாற்றி, 20, 15, 8 அளவுப் பெட்டியில் போடச் சொன்னேன். கணக்கில் 0.48 வருகிறது. தராசிலும் அரைக் கிலோவுக்குள் அடங்குகிறது.

பெட்டியை ஒட்டி முடித்ததும் தராசில் வைத்து ஒரு போட்டோ, டேப் பிடித்து ஒரு போட்டோ. இரண்டு வாரம் கழித்து ‘எடை வித்தியாசம்’ என்று கூடுதல் பில் வரும்போது பேச இதுதான் வாய். சோம்பேறித்தனப்பட்டு எடுக்காமல் விட்ட நாட்களில் காசு கட்டியிருக்கிறேன்.

சட்டியைக் கட்டும் விதம்

கொட்டகையில் இருந்தபோது நானே பார்சலைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். இரவு லோடு வந்தால் அப்படித்தான். ‘உடையும் பொருள்’ என்ற சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்து யாரும் கை தாழ்த்துவதில்லை. மேல் நோக்கிய அம்புக்குறியை பெல்ட்டும் பார்ப்பதில்லை, சாக்கும் பார்ப்பதில்லை. உங்கள் பெட்டி இடுப்பு உயரத்திலிருந்து விழும், அதன் மேல் இன்னொன்று விழும் என்று நினைத்துக் கட்டுங்கள்.

முதலில் சட்டியைச் சுண்டிப் பார்க்கிறேன். நல்ல சட்டி ‘டங்’ என்று நீளமாகச் சொல்லும். மயிரிழை விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று நின்றுவிடும். அதை அனுப்பினால் வழியில் உடையும், பழி கூரியர் மேல் விழும். அப்புறம் காதுகள். சட்டியில் முதலில் போவது காதுதான். ஒவ்வொரு காதையும் தனித்தனியாக பபிள் ஷீட்டில் சுற்றி, சட்டிச் சுவருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலும் திணித்துவிடுவேன். சட்டியின் வயிற்றுக்குள் கசக்கிய செய்தித்தாள், கையால் அழுத்தினால் இறங்காத அளவுக்கு. வயிறு காலியாக இருந்தால் பக்கவாட்டில் விழும் அடி சுவரைப் பிளந்துவிடும். மூடி இருந்தால் அதைச் சட்டி மேல் கவிழ்க்காதீர்கள். கல்லும் கல்லும் உரசும். மூடி தனியாகச் சுற்றி, நடுவில் இரண்டு அட்டை.

இந்த உருண்டையை ஒரு பாலிதீன் பையில் கட்டி 24, 24, 12 பெட்டியில் வைக்கிறேன். அது ஐந்தடுக்கு அட்டையால் ஆன 30, 30, 18 பெட்டிக்குள் போகும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். கீழேயும் மேலேயும்கூட. அந்த இடைவெளியில் அட்டைச் சுருள். மூடியதும் காதருகே வைத்து ஆட்டுவேன். சத்தம் வந்தால் திறந்து மறுபடியும் திணிப்பேன். டேப் நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. மொத்தம் 3.4 கிலோ வருகிறது. அளவுக் கணக்கில் 3.24. இரண்டும் மூன்றரைக் கிலோ படிக்குள் நிற்கும்படிதான் அந்தப் பெட்டி அளவையே தேர்ந்தெடுத்தேன்.

புது அளவில் பெட்டி வந்தால், அக்கா கழித்துப் போட்ட சட்டி ஒன்றை உள்ளே கட்டி இடுப்பிலிருந்து சிமென்ட் தரையில் ஆறு பக்கமும் போட்டுப் பார்ப்பேன். வீட்டு ஓனர் முதல் நாள் பயந்து ஓடி வந்தார். இப்போது பழகிவிட்டது.

வார்ப்பிரும்பு தோசைக்கல் இரும்புதானே என்று அலட்சியமாக விடாதீர்கள். ஓரத்தில் அடி பட்டால் அதுவும் பிளக்கும்.

பக்கத்து ஊர் தூரம்

நங்கநல்லூரிலிருந்து ஆதம்பாக்கம் நடந்தே போய்விடலாம். கூரியரில் போட்டால் ஊருக்கு வெளியே பார்சல் பிரிக்கும் ஹப் வரை போய், ஒரு ராத்திரி தூங்கி, திரும்பி வரும். சென்னைக்குள் போகும் ஆர்டரை இப்போது நான் கூரியரிலேயே போடுவதில்லை. செவ்வாய்க்கிழமை வேளச்சேரி, அடையாறு, திருவான்மியூர். வியாழன் அசோக் நகர், கே.கே. நகர், விருகம்பாக்கம். சனி பெரம்பூர், கொளத்தூர், அம்பத்தூர். ஆறு ஏழு பார்சல் சேர்ந்தால் தெரிந்த லோடு ஆட்டோ அண்ணன் வருவார். அதிகம் சேர்ந்தால் குட்டி யானை. ஒன்றிரண்டு மட்டும் என்றால் போர்ட்டர், ராபிடோ மாதிரி ஆப்பில் பைக் போடுகிறேன். கஸ்டமருக்கு ‘இரண்டு நாளில்’ என்பதைவிட ‘வியாழன் மதியத்துக்குள்’ என்பது பிடித்திருக்கிறது. கிழமை சொன்னால் வீட்டில் ஆள் வைத்துக்கொள்கிறார்கள்.

வெளியூருக்கு இரண்டு கூரியர் வைத்திருக்கிறேன். அவர்கள் ‘சர்வீஸ் இல்லை’ என்று கைவிரிக்கும் கிராமங்களுக்கு ஸ்பீட் போஸ்ட். 2025 அக்டோபர் முதல் அதிலும் ஓடிபி கேட்டுக் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. விலை கூடின பொருளுக்கு நல்லது. பிக்கப் தம்பி வந்தால் என் கண் முன்னால் ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணச் சொல்வேன். மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் ஆபீஸில் ஸ்கேன் பண்ணுகிறேன் என்பான். அப்படிப் போன பெட்டி காணாமல் போனால், நாம் கொடுத்ததற்கே சாட்சி இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பொறுமையாக ஸ்கேன் பண்ணுவான்.

மழைக்காலம் தனிக் கணக்கு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டியபோது எங்களுடைய மூன்று பெட்டிகள் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் உள்ளே வந்து, அடி அட்டை ஊறிப்போனது. கல்லுக்குத் தண்ணீர் என்ன செய்யும்? ஆனால் ஊறிய அட்டையைத் தூக்கியதும் அடி பிய்ந்து சட்டி தரையில் விழுந்தது. அதிலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப் பெட்டிக்கும் பிளாஸ்டிக் கூரியர் கவர். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஆர்டர் பக்கத்தில் ‘மழை விட்ட மறுநாள் கிளம்பும்’ என்று போட்டுவிடுகிறேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லாமல் தாமதித்தால்தான் கோபம்.

காசும் போனும்

கூரியர் மொழியில் ஆர்டிஓ என்றால் லைசென்ஸ் ஆபீஸ் இல்லை. பார்சல் அனுப்பியவரிடமே திரும்புவது. வந்ததும் காசு கொடுக்கும் ஆர்டரில்தான் இது அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு ஆசைப்பட்டு ஆர்டர் போட்டவருக்கு நாலாவது நாள் ஆசை ஆறியிருக்கும். போக வர இரண்டு செலவும் நம் தலையில். நான் முன்பணமாக 100 ரூபாய் மட்டும் கேட்கிறேன், மீதி வாசலில். நூறு ரூபாய் கொடுத்தவர் கதவைத் திறக்கிறார். கொடுக்கத் தயங்குபவரிடம் போனில் பேசுவேன். ஏமாந்து பழகியவர்கள், தயக்கம் நியாயம்தான். பேசின பிறகு பாதிப் பேர் முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார்கள்.

‘போன் எடுக்கவில்லை’ என்ற குறிப்புக்கு மருந்து சின்னது. தெரியாத நம்பர் என்றால் இப்போது யார் எடுக்கிறார்கள்? லோன் வேண்டுமா என்று கேட்பான் என்ற பயம். டெலிவரி அன்று காலையில் நான் வாட்ஸப்பில் இப்படி அனுப்புகிறேன்: ‘அம்மா, வணக்கம். உங்கள் கல்சட்டி இன்று வருகிறது. 11 முதல் 4 மணிக்குள் தெரியாத நம்பரிலிருந்து போன் வரும், அது டெலிவரி தம்பிதான், எடுத்துவிடுங்கள். பெட்டி கனம், மூன்றரைக் கிலோ. வெளியே போவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.’ ஒரு நாளைக்கு பத்துப் பேருக்கு அனுப்ப கால் மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யத் தெம்பிருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

அப்படியும் டெலிவரி ஆகவில்லை என்று டிராக்கிங்கில் வந்தால், அன்று மாலைக்குள் கஸ்டமரைக் கூப்பிடுங்கள். மறுநாள் காலை தம்பி பையை அடுக்கும் முன் புது அடையாளம் கூரியர் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும். மூன்று முறை முயன்றுவிட்டுத் திருப்பிவிடுவார்கள் என்றாலும், முதல் முறைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நாம் சும்மா இருந்தால் மற்ற இரண்டும் பெயருக்குத்தான்.

உடைந்து போனால்

எவ்வளவு கட்டினாலும் சில உடையும். அப்போது கஸ்டமரைக் கூரியரோடு மல்லுக்கட்ட விடாதீர்கள். அவர் காசு கொடுத்தது நம்மிடம். உடைந்த சட்டி ஒரு போட்டோ, பெட்டி வெளிப்பக்கம் ஒரு போட்டோ, லேபிள் ஒன்று, அவ்வளவுதான் கேட்பேன். திறக்கும்போதே வீடியோ எடுத்திருந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கும் கடைகள் உண்டு. எழுபது வயது மாமி ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் போனுமாக எப்படித் திறப்பார்? மின்வணிக நுகர்வோர் விதிகள், 2020 புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு மறுநாளே இன்னொரு சட்டி கிளம்பிவிடும். கூரியரிடம் இழப்பீடு கேட்பது தனி, அது மெதுவாக வரட்டும்.

உடைந்ததாக வந்த புகாரில் சில, வீடு போய்ச் சேர்ந்த பிறகு நடந்தவை. ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும். அது வெள்ளீயத்தால் ஆனது, 232 டிகிரியிலேயே இளகும். புதுக் கல்சட்டியைப் பழக்காமல் ஏற்றினால் விரிசல் விடும். இதைத் தடுக்க ஒரு துண்டுச் சீட்டு போதும். ‘ஈயச்சொம்பில் ரசம் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்’, ‘சட்டியில் சில நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்துப் பழக்குங்கள், முதலில் சின்னத் தீ’ என்று பெரிய எழுத்தில் அடித்துப் பொருளின் வயிற்றுக்குள்ளேயே வைக்கிறேன். பெட்டியின் மேல் வைத்தால் அட்டையோடு குப்பைக்குப் போய்விடும்.

மூடி மட்டும் உடைந்தது என்றால் மூடி மட்டும் அனுப்புகிறேன். கையால் கடைந்தது என்பதால் ஒன்றிரண்டு நூல் முன்னே பின்னே இருக்கும், அதையும் சொல்லிவிடுவேன். அதற்காகவே ஒவ்வொரு லோடிலும் அக்கா நாலு மூடி அதிகமாக வாங்கி வருகிறாள்; போன முறை ஆறு.